தாழ்ப்பாள் போட்ட பதினைந்து நிமிடம்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று நாற்காலிகள். தினமும் முந்நூறு கைகளாவது அந்த நாற்காலிகளின் கைப்பிடிமேல் வந்து நீளும். நடு நாற்காலியில் ஊசி போடுகிறவளுக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வாடிக்கையாக வருகிற நோயாளிகள் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "வலிக்காத அக்கா இருக்காங்களா? இருந்தா உக்கார்றேன், இல்லன்னா நாளைக்கு வர்றேன்" என்று டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே பேரம் பேசுவார்கள். பதினெட்டு வருஷம் நின்றபடியே சம்பாதித்த பட்டம் அது. சும்மா வந்துவிடவில்லை.

இப்போது அந்தப் பட்டத்துக்குத்தான் ஆபத்து. அவளுடைய வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

பெரிய நடுக்கம் ஒன்றும் இல்லை. காய் நறுக்கும்போது வராது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது வராது. ஊசி முனை தோலைத் தொடப்போகிற அந்த ஒரு கணத்தில் மட்டும் எங்கிருந்தோ வந்து தொலைக்கும். நரம்பு நழுவிவிடும். "ஒரு நிமிஷம், இன்னொரு தடவை" என்று அவள் சொல்ல, எதிரே இருப்பவர் முகம் மாறிவிடும். பதினெட்டு வருஷத்தில் அவள் சொல்லிப் பழகாத வாக்கியம் அது. போன மாதத்தில் மட்டும் நாற்பது தடவைக்குமேல் சொல்லியிருந்தாள்.

டாக்டரிடம் காட்டினாள். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். நோய் எதுவும் இல்லை. "தோள்பட்டை கல்லு மாதிரி இருக்கும்மா. நீங்க எப்போ ஓய்வெடுப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஓய்வாம்! நாலரைக்கு எழுந்து, வயதான மாமனாருக்கு வெந்நீர் வைத்து, பரீட்சைக்குப் படிக்கிற மகளை எழுப்பி, லிஃப்ட் மெக்கானிக்கான கணவனுக்குச் சாப்பாடு கட்டி, ஏழரை பஸ்ஸைப் பிடித்து, மூன்று மணிவரை நின்று, வீட்டுக்கு வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

லேப் இன்சார்ஜ் நல்ல மாதிரிதான். ஆனால் அந்த இன்சார்ஜ் மேஜையில் ஒரு நோட்டு உண்டு. யாரை யார் இரண்டாம் முறை குத்தினார்கள் என்று அதில் கோடு போட்டு வைப்பாள். "மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள கை நிக்கலன்னா உங்களை டோக்கன் கவுண்டர்ல போட்டுடுவேன். என்னைக் கோவிச்சுக்காதீங்க அக்கா, மேல கேள்வி கேக்கிறாங்க" என்றாள். கையோடு ஒரு தாளையும் நீட்டினாள். ஊழியர்களின் மன அழுத்தம் குறைய, மதிய இடைவேளையில் பத்து நாள் இலவசப் பயிற்சி என்று அதில் போட்டிருந்தது. தாய்-சி, சி-குங் என்று இரண்டு சீனப் பயிற்சிகள். "பேரைச் சொல்லவே தனியா ஒரு பயிற்சி வேணும் போலிருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

வாக்கரும் ஊன்றுகோலும் அடுக்கி வைக்கிற அறையில்தான் வகுப்பு. சொல்லிக் கொடுத்தவர் பிசியோதெரபிக்காரர். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்வதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஆமை என்று பெயர். முகத்துக்கு நேராகவே 'ஆமை சார்' என்பார்கள், அவரும் என்ன என்று கேட்பார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். நில்லுங்க" என்றார் முதல் நாள். "கால் ரெண்டையும் தோள் அகலத்துக்கு வைங்க. முட்டியை விறைக்காதீங்க. ஒரு பெரிய அண்டாவைக் கட்டிப் பிடிச்ச மாதிரி கையை முன்னால வளைச்சு வைங்க. தோளை எறக்குங்க."

"எறக்கிட்டேன் சார்."

"எறங்கலையே."

"இதுக்குமேல எறக்கினா கழண்டு விழுந்துடும் சார்."

அவர் சிரித்துவிட்டு ஒற்றை விரலால் அவள் தோளைத் தொட்டார். அது இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. இத்தனை வருஷமாகத் தோள்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்தியது அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. பிறகு மூச்சு. இழுத்து அடிவயிறுவரை அனுப்பி, வாயைத் திறந்து 'ஹாஆஆ' என்று சத்தத்தோடு விட வேண்டும். வெட்கமாக இருந்தது. நாலாம் நாள் அப்படி விட்டபோது, காரணமே இல்லாமல் கண்ணில் நீர் கொட்டியது. ஆமை சார் பார்க்காததுபோல ஊன்றுகோல்களை அடுக்கப் போய்விட்டார்.

பத்தாம் நாள் அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வகுப்பு முடிஞ்சுது. இனிமே காலைல வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால பதினஞ்சு நிமிஷம் வீட்டுல பண்ணுங்க. பாதியில யாரும் கூப்பிடக் கூடாது, நீங்களும் ஓடக் கூடாது. தினமும் செஞ்சா கை நிக்கும். விட்டீங்கன்னா திரும்ப வந்துடும்."

பதினைந்து நிமிஷம் என்று எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டார்!

அவர்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு ஆள் மட்டும் நிற்கிற சமையலறை. பதினோராம் தேதி காலை ஆறே முக்காலுக்குக் கூடத்தின் நடுவே போய் நின்றாள். கண்ணைப் பாதி மூடி, கைகளை வளைத்து, மூச்சை இழுத்தாள். கையில் ஏதோ ஈரமாக விழுந்தது. கண்ணைத் திறந்தாள். மாமனார் குளித்துவிட்டுத் துவாலையை அவள் கையில் போட்டிருந்தார். "நீட்டிக்கிட்டுத்தானே நிக்கிறே, காயப்போட்டுடும்மா" என்றார்.

மறுநாள் மகள். "அம்மா, சும்மாதானே நிக்கிறே, என் கால்குலேட்டரைப் பார்த்தியா?" அதற்கு மறுநாள் கணவன். "கொஞ்சம் தள்ளிக்கோ, ஷூ எடுக்கணும். ஆமா, எதுக்கு இப்படிச் சும்மா நிக்கிறே?"

சும்மா நிற்கிறாளாம்! அந்த வீட்டில் அவள் படுத்தால் உடம்பு சரியில்லை, உட்கார்ந்தால் கோபம், நின்றால் வேலையில்லை. எதையும் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. சொன்னால் அதற்கு நாலு கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லவே பதினைந்து நிமிஷம் ஆகும்.

பதினாலாம் தேதி அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வீட்டிலேயே உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு அது ஒன்றுதான்.

ஆறடிக்கு நாலடி. மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். நாலு வருஷத்துக்கு முன் நோயாளியாக இங்கே வந்து, கடைசி மூன்று மாதம் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்த நாத்தனாருக்காக வாங்கியது. அதைத் தூக்கி வாளிமேல் கவிழ்த்தால்தான் கால் அகட்டி நிற்க இடம். மேகம் நகர்வதுபோல இரண்டு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே கொண்டுபோகிற பயிற்சியில் நாலு தடவைக்கு ஒரு தடவை ஷாம்பு பாட்டில் கீழே விழும். விழட்டும். யாரும் கூப்பிடவில்லை. அதுதான் ஆச்சரியம். முன்பெல்லாம் ஐந்து நிமிஷத்துக்குமேல் உள்ளே இருந்தால் கதவு அதிரும். இப்போது ஒரு தட்டல்கூட இல்லை. எடையை இடது காலுக்கு மாற்றினாள், வலது காலுக்கு மாற்றினாள். 'ஹாஆஆ' என்று மூச்சை விட்டாள்.

மூன்றாம் நாள் வெளியே வந்தபோது மகள் டீ போட்டு வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் மாமனார் தாமே வெந்நீர் வைத்துக்கொண்டார். கணவன், "இன்னைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம், வெளிய பார்த்துக்கிறேன். நீ உக்காரு" என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். நல்ல காலம் பிறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஏன், எதனால் என்று முடிச்சுப் போட்டுப் பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டாள். எட்டு நாளில் இன்சார்ஜ் நோட்டில் அவள் பெயருக்கு எதிரே இரண்டே கோடுகள்.

இருபத்துநாலாம் தேதி பத்தரை மணி. "நாற்பத்தாறு" என்று கூப்பிட்டுவிட்டுப் பஞ்சை எடுத்துக்கொண்டு திரும்பியவள் அப்படியே நின்றாள். நாற்காலியில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். வேலைச் சட்டையோடு, முழங்கையில் கிரீஸோடு.

"என்னங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவன் ஒரு சீட்டை நீட்டினான். தெருமுனை டாக்டரின் கையெழுத்து. பதினொரு பரிசோதனைகள். மேலே இருந்த பெயர் அவளுடையது.

"இது என் பேருங்க."

"ஆமா."

"அப்புறம் நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

"கூப்பிட்டா நீ வரமாட்டே. அதான் உனக்கு நானே டோக்கன் வாங்கிட்டு வந்தேன். நீயே குத்திக்குவியா, இல்ல வேற யாரையாவது கூப்பிடட்டுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கப் போனவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"பத்து நாளா வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் தணிந்த குரலில். "உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிறே. எதையோ தள்ளி விடுறே. வலி தாங்காம முனகுறே. அப்புறம் மூஞ்சியைக் கழுவிக்கிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி வெளிய வர்றே. எங்க அக்காவும் இப்படித்தான் இருந்தா. அன்னைக்கு நான் என்ன பண்ணேன்? கதவைத் தட்டி, 'உள்ள என்ன குடித்தனமா நடத்துறே'ன்னு கத்தினேன். அப்புறம் எண்பது நாள்தான் இருந்தா. இந்தத் தடவை நான் தட்டல. அப்பாவும் தட்டல. அந்தப் புள்ளைகிட்டயும் தட்டக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அடப் பாவமே! டீ போட்டு வைத்தது அதற்குத்தானா? வெந்நீர், வெளிச் சாப்பாடு, எல்லாம் அதற்குத்தானா? நாத்தனாரின் அந்த ஸ்டூலைத் தினமும் தூக்கி வாளிமேல் வைத்தவள் அவள்தான். அப்போதுகூட உறைக்கவில்லையே.

கைப்பிடிமேல் நீட்டி வைத்திருந்த அவன் கையைப் பார்த்தாள். பதினாறு மாடி உயரத்தில் கம்பியில் தொங்கிக்கொண்டு திருகாணி முடுக்குகிற கை. அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை அசையாமல் இருந்தது.

"அது முனகல் இல்லங்க. மூச்சு."

"என்னது?"

"மூச்சுப் பயிற்சி. என் கை நடுங்குதுன்னு இங்க சொல்லிக் குடுத்தாங்க. கூடத்துல நின்னா விடமாட்டேங்கிறீங்க. அதான் உள்ள போனேன். இப்படித்தான் விடணும்." அவனை நம்ப வைக்க வேண்டும் என்கிற அவசரத்தில், இடம் பொருள் பார்க்காமல் அங்கேயே 'ஹாஆஆ' என்று விட்டுக் காட்டினாள்.

பரிசோதனைக் கூடமே திரும்பிப் பார்த்தது. வரிசையில் அடுத்து நின்ற நாற்பத்தேழாம் டோக்கன்காரர் மிரண்டுபோனார். "இவங்களா வலிக்காத அக்கா? ஊசி போடுறவங்களே இந்தக் கத்து கத்துறாங்களே!"

கணவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். எழுந்தபோது கோபம் வந்திருந்தது. "பத்து நாளா நான் ஒழுங்காச் சாப்பிடல, தெரியுமா?" என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" கேட்டது நியாயம்தான். அவன் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வருவதற்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பயிற்சியா! நான் என்னவோ ஏதோன்னு ஆடிப்போயிட்டேம்மா. நல்லா இரு, நல்லா இரு." மகள் வந்து கட்டிக்கொண்டாள். வீட்டைப் பிடித்திருந்த பயம் ஒரேயடியாக விலகியது.

கூடவே மரியாதையும் விலகியது.

மறுநாள் காலை அவள் உள்ளே போய் மூன்றாவது மூச்சை விடுவதற்குள் கதவு தட்டப்பட்டது. "அம்மா, பயிற்சிதானே? எனக்கு லேட் ஆகுது, அப்புறம் பண்ணிக்கோ." மாமனார் அடுத்து. "ஏம்மா, அவசரம். வயசானவன் எவ்வளவு நேரம் அடக்குவேன்?" இருபத்தாறாம் தேதி, அடுப்பில் வைத்த பால் என்ன ஆயிற்று என்று கேட்டுத் தட்டினார்கள். இருபத்தேழாம் தேதி கணவனே தட்டினான். "சீக்கிரம் வா, சும்மாதானே நிக்கிறே."

அவள் வெளியே வந்தாள். சண்டை போடலாம். போட்டால் கத்த வேண்டும், கத்தினால் களைப்பாகும். இருக்கிற களைப்பு போதும் என்று சாப்பாடு கட்டப் போனாள். நோய் என்று நினைத்தால் அரைமணி நேரம் கிடைக்கிறது. நன்றாக இருப்பதற்காக என்றால் அரை நிமிஷம் கிடைக்கவில்லை. உடம்பு கெட்டுக் கிடந்தால்தான் மனுஷியாக மதிப்பார்கள் போல. அன்றைக்கு அவளுக்கு அவர்கள் எல்லார்மேலும் கசப்பாக இருந்தது.

அன்று ஒரே நாளில் மூன்று பேரை இரண்டாம் முறை குத்தினாள். மூன்றாவது ஒரு கர்ப்பிணிப் பெண். உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்சார்ஜ் நோட்டில் கோடு போட்டுவிட்டு, டோக்கன் கவுண்டரில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ பேசினாள்.

சாயங்காலம் கணவனுக்கு டீ நீட்டியபோது டம்ளர் தட்டில் கடகடவென்று அடித்தது. அவன் டம்ளரை வாங்காமல் அவள் கையையே பார்த்தான்.

"எத்தனை பேரு இன்னைக்கு?"

"மூணு."

"மாசக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள்?"

"மூணு." டம்ளரைக் கீழே வைத்தாள். "பரவாயில்லைங்க. டோக்கன் குடுக்கிறதும் வேலைதானே. உக்காந்துக்கிட்டே குடுக்கலாம்." வலிக்காத அக்கா இருக்காங்களா என்று நாளைக்கு யாராவது கேட்டால், இல்லை என்று டோக்கன் கிழித்துக் கொடுக்கப்போவதும் அவள்தானே.

அவன் டீயைக் குடித்து முடித்தான். "ஓடிக்கிட்டிருக்கிற லிஃப்டை ரிப்பேர் பண்ண முடியாது" என்றான் திடீரென்று. "முதல்ல கதவுல போர்டு மாட்டுவேன். அப்புறம்தான் உள்ள எறங்குவேன். இல்லன்னா எவனாவது பட்டனை அமுக்கிடுவான்." இந்த நேரத்தில் லிஃப்ட் கதை எதற்கு என்று எரிச்சலோடு அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆறே முக்காலுக்கு அவள் குளியலறைப் பக்கமே போகவில்லை. சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். கணவன் வந்து அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தான். "உள்ள போ" என்றான். போனாள். தாழ்ப்பாள் போட்டாள். ஸ்டூலைத் தூக்கப் பார்த்தால் அது மூலையில் இல்லை.

வெளியே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. கதவை ஒட்டிப் போட்டு யாரோ உட்காருகிற சத்தம்.

அவள் கைகளை வளைத்தாள். தோளை இறக்கினாள். இறங்கவில்லை. செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. மாமனார்.

"உள்ள யாரு, மருமகளா? பயிற்சிதானே, கொஞ்சம் வரச் சொல்லேன்."

"இல்லப்பா" என்றான் கணவன். "அவளுக்கு வயிறு சரியில்ல. நேத்து கேன்டீன்ல எதையோ சாப்பிட்டிருக்கா. நிஜமாவே முடியல."

"அடடா! அப்படியா? இருக்கட்டும், இருக்கட்டும். நான் பக்கத்து வீட்டுல கேட்டுப் போய்க்கிறேன். புள்ளைகிட்டயும் தட்டாதேன்னு சொல்லு."

செருப்புச் சத்தம் அவசரமாகத் தள்ளிப் போனது. அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் தானாக இறங்கியது. இழுத்த மூச்சு அடிவயிறுவரை போனது. மெதுவாக, வெளியே கேட்காதபடி, 'ஹா' என்று விட்டாள்.

கதவின் அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் ரகசியமாக வந்தது.

"கொஞ்சம் சத்தமாத்தான் விடேன். அப்பா நம்பணும்ல."

அவள் வாயைத் திறந்து தெருவுக்கே கேட்கும்படி விட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் மேகம் நகர்த்திய கை பட்டு ஷாம்பு பாட்டில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

மாதக் கடைசி வந்தது, போனது. நடுக்கம் முழுசாக விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நடு நாற்காலி அவளிடம்தான் இருக்கிறது. வீட்டில் மட்டும் அவளுக்கு இன்னும் வயிறு சரியாகவில்லை.